வெட்டுத்துணியின் வரலாறு: வெள்ளவத்தை ஆலையிலிருந்து புளூமெண்டால் மேடு வரை

ஆடைக் கைத்தொழில் பற்றி நம் நாட்டில் எழுதப்படுவன பெரும்பாலும் ஏற்றுமதிக் கணக்குகளாகவே அமைந்துவிடுகின்றன. ஆண்டொன்றுக்குச் சுமார் 500 கோடி அமெரிக்க டொலர் வருமானம். ஏற்றுமதிப் பண்டங்களால் நாடு பெறும் வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு. சுமார் மூன்றரை இலட்சம் தொழிலாளர், அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள். இக்கணக்குகள் பொய்யல்ல. ஆயினும் இவை துறைமுகத்தைக் கடந்து செல்லும் ஆடையை மட்டுமே எண்ணுகின்றன. அந்த ஆடையை வெட்டியெடுத்தபின் மேசையில் எஞ்சிய துணி எங்கே சென்றது, அதனைப் பொறுக்கியவர் யார், அதனால் ஆதாயம் பெற்றவர் யார், அதன் புகையைச் சுவாசித்தவர் யார் என்ற வினாக்களுக்கு அக்கணக்குகளில் இடமில்லை.

‘கழிவு’ என்னும் சொல்லுக்குத் தமிழிற் கணக்கியற் பொருளும் உண்டு. கழிக்கப்பட்டது எதுவோ அதுவே கழிவு. ஒரு பொருளைக் கழிவென்று தீர்மானிப்பது அப்பொருளின் இயல்பு அன்று. கணக்கை எழுதுபவரின் நலனே அதனைத் தீர்மானிக்கிறது. ஒரே துணித்துண்டு ஒரு காலத்தில் மூலப்பொருளாகவும், இன்னொரு காலத்தில் குப்பையாகவும், வேறொரு காலத்தில் விளம்பரப் பொருளாகவும் மாறியிருக்கின்றது. இம்மாற்றங்களின் வரலாற்றைக் கொழும்பு நகரின் இரு பகுதிகளான வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கந்தலின் பழைய பெறுமதி

துணி அருமையாக இருந்த காலத்திற் கந்தலும் அருமையாகவே இருந்தது. பொருநராற்றுப்படை காட்டும் பொருநன் அணிந்திருந்த ஆடை, வேற்று நூல்கள் ஊடுருவித் தைக்கப்பட்ட, ஈரும் பேனும் குடியிருந்த பழங்கந்தல். கரிகாலன் அதனை நீக்கி நுண்ணிய ஆடையை உடுத்தினான் என்று புலவர் பாடுகிறார். மன்னனின் கொடைச் சிறப்பைக் கூற வந்த இடத்தில், தம்மையறியாமலே புலவர் மற்றோர் உண்மையையும் பதிந்துவிட்டார். நெய்தற் கலையில் உயர்ந்து நின்ற அச்சமுதாயத்திலும் உழைப்பாளிக்கும் கலைஞனுக்கும் எட்டியது ஒட்டுப்போட்ட துணியே. பழையதை மீளப் பயன்படுத்தல் என்பது அவர்களுக்கு அறக்கொள்கையாக வரவில்லை. வறுமையின் கட்டாயமாகவே வந்தது. இன்று ‘மீள்பயன்பாடு’ என்று மேடைகளில் முழங்குவோர் இதனை மறந்துவிடலாகாது.

ஐரோப்பாவிலும் நிலைமை இதுவே. மரக்கூழிலிருந்து கடதாசி செய்யும் முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பரவும் வரை அங்கே கடதாசியின் மூலப்பொருள் பருத்திக் கந்தலும் சணல்நார்க் கந்தலுமே. அச்சியந்திரம் பரப்பிய அறிவொளி கந்தல் பொறுக்கியவரின் முதுகிற் சுமந்து வரப்பட்டது என்று கூறின் அது மிகையாகாது. 1813ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர்ப் பகுதியிலுள்ள பட்லி என்னும் ஊரில் பெஞ்சமின் லோ என்பவர் பழைய கம்பளித் துணியைக் கிழித்து, இழையாக்கி, புதிய கம்பளியுடன் கலந்து மீண்டும் நூற்கும் முறையை வகுத்தார். ‘ஷொடி’ எனப்பட்ட அத்துணி ஒரு பெரும் கைத்தொழிலையே தோற்றுவித்தது. இங்கிலாந்தின் வறியவரும் பல நாட்டுப் படைவீரரும் அதனையே உடுத்தனர். இன்று ஆங்கில மொழியில் அச்சொல் ‘மட்டமானது’ என்ற பொருளைப் பெற்றுவிட்டதும் அதன் வரலாற்றின் ஒரு பகுதியே.

இக்கைத்தொழிலைக் கூர்ந்து நோக்கியவர்களுள் கார்ல் மார்க்ஸும் ஒருவர். ‘மூலதனம்’ மூன்றாம் பாகத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் உற்பத்தியின் கழிவுகளைப் பயன்படுத்தல் பற்றித் தனிப்பிரிவே வகுத்து எழுதியிருக்கிறார். மூலப்பொருளின் விலை ஏறும்போதுதான் முதலாளி கழிவைத் தேடுகின்றான் என்பதும், பெருந்தொகையாகக் குவியும்போதுதான் கழிவு வாணிபப் பொருளாகின்றது என்பதும் அங்கே விளக்கப்படுகின்றன. அவற்றினும் முக்கியமானது அவர் காட்டும் ஒரு வேறுபாடு. கழிவை மீளப் பயன்படுத்திச் சிக்கனம் காண்பது ஒன்று. கழிவே தோன்றாதவாறு குறைத்துச் சிக்கனம் காண்பது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே அவர் எழுதிவைத்தார். முதலாம் பாகத்திலோ கந்தல் தரம்பிரிக்கும் பெண்களைப் பற்றிக் கூறுகின்றார். மிக அழுக்கானதும் மிகக் குறைந்த கூலியுடையதுமான வேலைகளுள் ஒன்று அது. பெரியம்மையும் பிற தொற்றுநோய்களும் முதலிற் பலிகொண்டது அப்பெண்களையே. கழிவுக்குப் பெறுமதி உண்டு. அதனைக் கையால் தொடுபவருக்கு இல்லை. இம்முரண்பாடு நம் காலத்திலும் தீர்ந்தபாடில்லை.

வெள்ளவத்தை ஆலை

இலங்கையின் முதலாவது பெரும் நூற்பு நெசவாலை வெள்ளவத்தையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுந்தது. தேயிலைக்கும் றப்பருக்கும் தெங்குக்கும் அப்பால் வேறு கைத்தொழில் வளர்வதை விரும்பாத குடியேற்ற ஆட்சியின் கீழ், இயந்திரத்தால் நூல் நூற்றுத் துணி நெய்யும் ஆலை ஒரு புறநடையாகவே விளங்கியது. இன்று சேலைக் கடைகளாலும் அடுக்குமாடிகளாலும் அறியப்படும் வெள்ளவத்தை, அக்காலத்தில் ஆலைச்சங்கு ஒலித்து விழித்த தொழிலாளர் பகுதியாகவும் இருந்தது.

நூற்பாலையொன்றிற் கழிவு எவ்வாறு தோன்றுகின்றது என்பதை அறிந்துகொள்ளல் இங்கு அவசியம். பஞ்சுப் பொதியை உடைத்து அடிக்கும்போது விதைத்துகளும் இலைத்துகளும் குறுநாரும் உதிர்கின்றன. பஞ்சை வாரிச் சீராக்கும் இயந்திரத்தில் மேலும் குறுநார்கள் தங்குகின்றன. கதிர்களில் நூல் அறும்போது முறுக்கேறாத பஞ்சுத்திரி வீணாகின்றது. தறியிற் பாவு முடியும்போது நூல்முனைகள் எஞ்சுகின்றன. பழைய ஆலை நிருவாகங்கள் இவற்றுள் ஒன்றையும் எறிந்தனவல்ல. முறுக்கேறாத பஞ்சு மீண்டும் முதலியந்திரத்துக்கே சென்றது. குறுநார் தடித்த நூலாகவும் மெத்தை அடைப்பாகவும் மாறியது. நூற்சிக்கல்கள் ‘கொட்டன் வேஸ்ட்’ என்ற பெயரில் புகையிரதப் பகுதியினருக்கும் துறைமுகத்தினருக்கும் இயந்திரக் கூடங்களுக்கும் எண்ணெய் துடைக்கும் பொருளாக விலைபோயின. பருத்தி விலையுயர்ந்தது, கூலி மலிந்தது. ஆகவே கழிவைப் பொறுக்க ஆளமர்த்துதல் இலாபகரமாயிற்று. அக்காலச் சிக்கனத்தின் இரகசியம் இவ்வளவே.

ஆயின் ஒரு கழிவு மட்டும் எந்த ஆலையின் பேரேட்டிலும் ஏறியதில்லை. அது தொழிலாளியின் நெஞ்சினுட் புகுந்த பஞ்சுத்தூசி. ‘பிசினோசிஸ்’ என மருத்துவர் பெயரிட்ட நுரையீரல் நோய், உலகெங்கணும் பருத்தியாலைத் தொழிலாளரைத் தாக்கியது. விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்விறுக்கம் நிரந்தரமாகும். தரையில் விழுந்த தூசியைக் கூட்டியெடுத்து விற்ற நிருவாகங்கள், காற்றில் மிதந்த தூசிக்குப் பொறுப்பேற்க மறுத்தன.

1933ஆம் ஆண்டு பெப்ருவரியில் வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். உலகப் பொருளாதார மந்தத்தின் சுமையைக் கூலிக்குறைப்பின் மூலம் அவர்கள் தலையில் ஏற்ற நிருவாகம் முற்பட்டமையே காரணம். வேலைநிறுத்தம் செய்தோரிற் பெரும்பகுதியினர் இந்திய வம்சாவளியினர், மலையாளிகள் கணிசமானோர். அதுவரை கொழும்புத் தொழிலாளரின் தனிப்பெருந் தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்கா இவ்வேலைநிறுத்தத்துக்குத் துணைநிற்கவில்லை, எதிர்நிலையையே எடுத்தார். அவ்வாண்டுகளில் அவர் மலையாளத் தொழிலாளருக்கு எதிரான இனவாத இயக்கத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். அவர் கைவிட்ட இடத்திற் கொல்வின் ஆர். டி சில்வாவும் வெர்னன் குணசேகராவும் ஏனைய இளைஞர் கழகத்தினரும் வந்து நின்றனர். வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. கொல்வின் அதன் தலைவரானார். 1935ஆம் ஆண்டு டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தபோது அதன் பின்னணியில் வெள்ளவத்தை ஆலைவாசலின் அனுபவமும் இருந்தது.

துணிக்கழிவு பற்றிய கட்டுரையில் வேலைநிறுத்தக் கதை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. பஞ்சின் குறுநாரைக்கூடக் கைவிடாத ஆலை, மனிதரைக் கைவிடத் தயங்கவில்லை. சிங்களவர், தமிழர், மலையாளி எனத் தொழிலாளரைத் தரம்பிரித்து, வேண்டாதவரைக் கழிக்கும் அரசியலும் அதே வாசலிலேதான் ஒத்திகை பார்க்கப்பட்டது. அதன் முழு அரங்கேற்றத்தை நாம் பின்னர் கண்டோம். 1948இன் குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாட்டின் கணக்கிலிருந்து கழித்தது. 1983 யூலையில் வெள்ளவத்தையின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. தமிழருக்கும் இந்தியருக்கும் உரியனவாயிருந்த ஆடைத் தொழிற்சாலைகளும் துணியாலைகளும் எரிக்கப்பட்டன. அவற்றில் வேலைசெய்த சிங்களத் தொழிலாளரும் அதே தீயில் வாழ்விழந்தனர்.

அந்த ஆலை இன்று இல்லை. அது நின்ற நிலத்தில் ஹவ்லொக் சிட்டி என்னும் மாளிகைக் குடியிருப்பு வானளாவி நிற்கின்றது.

துணி வேறொருவருடையது, துண்டு நம்முடையது

1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்திற் துணிக்குத் தட்டுப்பாடு நிலவியது. கூட்டுறவுக் கடைகளிலும் சலுசல நிலையங்களிலும் மக்கள் வரிசையில் நின்றனர். அந்நாட்களின் துன்பத்தை மறைப்பது நமது நோக்கமன்று. ஆயினும் அன்று கைத்தறியும் விசைத்தறியும் கிராமங்களில் உயிர்பெற்றன. தந்தையின் வேட்டி மகனின் சட்டையாயிற்று. தாயின் சேலை குழந்தைக்கு ஏணையாயிற்று. 1977இற் கதவுகள் திறந்துவிடப்பட்டன. இறக்குமதித் துணி வெள்ளமெனப் புகுந்தது. கைத்தறிகள் பல ஓய்ந்தன. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கப்பட்டது.

அங்கு வந்த தொழிற்சாலைகள் நூல் நூற்க வரவில்லை. துணி நெய்யவும் வரவில்லை. 1974ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலிருந்த பல்லிழை உடன்படிக்கை ஒவ்வொரு நாடும் மேனாடுகளுக்கு எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று வரையறுத்தது. ஹொங்கொங் போன்ற இடங்களில் அவ்வெல்லை நிரம்பியபோது, எல்லை நிரம்பாத நாடுகளை முதலீட்டாளர் தேடினர். இலங்கைக்கு வாய்த்த வாய்ப்பு அது. துணி வெளிநாட்டிலிருந்து வரும். பொத்தானும் இழுவைப்பூட்டும் வெளிநாட்டிலிருந்து வரும். வடிவம் வாங்குபவரின் அலுவலகத்திலிருந்து வரும். இங்குள்ளது பெண்களின் கைவிரல் மட்டுமே. 1992ஆம் ஆண்டு பிரேமதாசா அரசு 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தை அறிவித்து இதனைக் கிராமங்களுக்கும் கொண்டுசென்றது. 2009இற்குப் பின்னர் கிளிநொச்சி, வவுனியா, மட்டக்களப்பு முதலிய போர் தின்ற நிலங்களுக்கும் அது சென்றது. தையலியந்திரமொன்றின் பெயரைக்கொண்டே ‘ஜூக்கிப் பெண்கள்’ என இழித்துரைக்கப்பட்ட உழைப்பாளிகளே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தனர்.

இவ்வமைப்பிற் கழிவின் இயல்பே மாறிவிட்டது. ஆடைத் தொழிற்சாலையில் துணியைப் பல அடுக்குகளாக விரித்து, அதன்மேல் ஆடையின் பகுதிகள் வரையப்பட்ட தாளைப் பரப்பி, வாள்போன்ற மின்கத்தியால் வெட்டுவர். வட்டமான கழுத்துக்கும் வளைந்த கைக்கும் இடையிற் கிடக்கும் வெளிகளே வெட்டுத்துணியாகின்றன. வெட்டப்படும் துணியில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு இவ்வாறு எஞ்சுகின்றது என்பது தொழிற்றுறையிற் பொதுவாக வழங்கும் மதிப்பீடு. சுருளின் கடைசித் துண்டு, நிறம் பிசகிய துணி, தவறாகத் தைத்த உருப்படி, மாதிரிக்காகத் தைத்தவை, வாங்குபவர் திடீரெனக் கட்டளையை நீக்கியதால் தேங்கியவை ஆகியன இதற்கு மேலதிகம். ஆடை கப்பலேறிப் போகின்றது. அதன் பெறுமதியும் போகின்றது. இறக்குமதியான துணியின் ஒரு பங்கு மட்டும் இம்மண்ணில் நிரந்தர வாசியாகின்றது.

அக்கழிவின் தன்மையும் வேறு. வெள்ளவத்தை ஆலையின் கழிவு தூய பருத்தி. இன்றைய உள்ளாடைக்கும் விளையாட்டுடைக்கும் பயன்படும் துணியோ நைலோனும் பொலியெஸ்டரும் நீட்சியிழையும் ஒன்றோடொன்று பின்னியது. நூற்றுக்கு ஐந்து பங்கு நீட்சியிழை கலந்தாலும் கிழித்து இழையாக்கும் இயந்திரத்தில் அது திரண்டு சிக்கலாகின்றது. கலப்பு எவ்வளவு கூடுகின்றதோ அவ்வளவுக்கு மீளாக்கம் கடினமாகின்றது. பருத்தித்துண்டு மண்ணில் மக்கும். பொலியெஸ்டர் நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் கிடக்கும்.

சட்டமும் ஒரு தடையாயிற்று. ஏற்றுமதிக்கெனத் தீர்வையின்றி இறக்கப்பட்ட துணியின் கழிவும் சுங்கக் கட்டுப்பாட்டுக்குட்பட்டது; அனுமதியின்றி வலயத்தைவிட்டு வெளியேற முடியாது. அதனுடன் வாங்குபவரின் கட்டளையும் சேர்கின்றது: எங்கள் பெயர்ச்சீட்டுக் கொண்ட உருப்படி மலிவாகச் சந்தைக்குப் போகலாகாது, வெட்டிச் சிதைக்க வேண்டும். நல்ல ஆடையை நாசமாக்குவதற்கும் கூலி கொடுக்கும் பொருளாதாரம் இதுவே. இத்தடைகளையும் மீறி வெளிவரும் துணியினால் மகரகமவின் பமுனுவச் சந்தையும் புறக்கோட்டையின் துண்டுத்துணிக் கடைகளும் வாழ்கின்றன. அங்கு நிறைக்கு வாங்கிய துண்டுகளிலிருந்து குழந்தைச் சட்டையும் தலையணையுறையும் கால்மிதியும் தைத்து விற்கும் பெண்களே இந்நாட்டின் உண்மையான மீளாக்கத் தொழிலாளர். அவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. எந்த ஆண்டறிக்கையிலும் இடமும் இல்லை.

புளூமெண்டாலும் மீதொட்டமுல்லவும்

கழிவு நகரத்திற் சமமாகப் பரவுவதில்லை. கொட்டாஞ்சேனைக்கு அருகில் புளூமெண்டால் வீதியோரம் கொழும்பின் குப்பை ஆண்டுக்கணக்கிற் கொட்டப்பட்டு மலையாக எழுந்தது. துறைமுகத் தொழிலாளரும் நகரசுத்தித் தொழிலாளரும் நாட்கூலிகளும் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி நெருங்கி வாழும் பகுதி அது. 2009ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத்தின் கட்டளையால் அங்கு கொட்டுதல் நிறுத்தப்பட்டது. குப்பையோ நிற்கவில்லை, கொலன்னாவைப் பகுதியின் மீதொட்டமுல்லவுக்குச் சென்றது. ஓர் ஏழைச்சேரியிலிருந்து மற்றோர் ஏழைச்சேரிக்கு இடமாற்றம், அவ்வளவே. 2017 ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டுப் பண்டிகையன்று, அம்மலை சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் மாண்டனர். அங்குள்ள மக்கள் அதற்கு முன்பு பல ஆண்டுகளாக வீதியில் இறங்கிப் போராடி எச்சரித்திருந்தனர்.

இம்மேடுகள் ஆடைத் தொழிற்சாலைகளால் மட்டும் எழுந்தன என்று நாம் கூறவில்லை. நகரின் வீட்டுக்கழிவே அவற்றிற் பெரும்பகுதி. ஆயினும் பொறுப்பை யார் தலையில் ஏற்றுவது என்ற கேள்வியில் இரண்டும் ஒன்றே. வெள்ளவத்தையின் உயர்மாடியிலிருந்து எறியப்படுவதும், வலயத்தின் வெட்டுமேசையிலிருந்து வீழ்வதும் இறுதியிற் கூரைத்தகட்டு வீட்டின் பின்புறத்தையே அடைகின்றன.

மீதொட்டமுல்லவின் பின்னர் அரசு விழித்துக்கொண்டது. கழிவை எரித்து மின்சாரம் பெறும் 10 மெகாவாற் நிலையம் 2021இல் கெரவலப்பிட்டியவில் இயங்கத் தொடங்கியது. புத்தளம் மாவட்டத்து அருவக்காலுவுக்குக் குப்பையை அனுப்பும் திட்டத்தை அங்குள்ள மக்கள் எதிர்த்தனர். ஆடைத் தொழிற்சாலைகளின் துணிக்கழிவோ புத்தளம் சீமெந்து ஆலையின் சூளைக்கு எரிபொருளாகச் செல்கின்றது. திறந்த வெளியில் எரிப்பதைவிட உயர்வெப்பச் சூளையில் எரிப்பது மேல் என்பதை மறுக்கவியலாது. ஆனால் எரித்தல் வேறு, மீளாக்கல் வேறு. ‘எமது கழிவு நிலத்தை அடைவதேயில்லை’ என்று பெருநிறுவனங்கள் அறிவிக்கும்போது, அக்கழிவு மீண்டும் துணியாயிற்று என்று வாசகர் எண்ணிக்கொள்கின்றனர். அதிற் பெரும்பகுதி சாம்பலாயிற்று என்பதே உண்மை.

பிளாஸ்டிக் போத்தலிலிருந்து பொலியெஸ்டர் நூல் செய்யும் ஆலை ஹொரணையில் உண்டு. அது பாராட்டத்தக்க முயற்சியே. எனினும் அது போத்தலைத் துணியாக்குகின்றதேயன்றித் துணியைத் துணியாக்கவில்லை. உலகளவிலும் இதே கதை. ஆடைக்கெனப் பயன்பட்ட பொருளில் மீண்டும் ஆடையாவது நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைவு என்று எலன் மக்காத்தர் நிறுவனம் 2017இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது.

அயலாரின் பாடங்கள்

மீளாக்கம் இயலாத கனவு என்று கைவிரிப்போர் திருப்பூரை நோக்கலாம். அங்கு பின்னலாடை வெட்டில் எஞ்சும் பருத்தித்துண்டு குப்பையன்று; நிறைக்கு விலையுள்ள பண்டம். அதனை நிறம் நிறமாகப் பிரித்து, கிழித்து நாராக்கி, சிறிது புதுநார் கலந்து திறந்தமுனை நூற்பு முறையில் மீண்டும் நூலாக்குகின்றனர். இழை குறுகிய நாரையும் நூலாக்கவல்ல அவ்வியந்திரம் 1967இல் சோஷலிச செக்கோசிலவாக்கியாவிலிருந்து உலகச் சந்தைக்கு வந்ததென்பது நினைவுகொள்ளத்தக்கது. முன்னரே நிறமூட்டிய துணியை நிறவாரியாகப் பிரித்து நூற்பதால் மறுபடியும் சாயமிடும் தேவை பெரிதும் நீங்குகின்றது. இதன் அருமையைத் திருப்பூரே அறியும். சாயக்கழிவால் நொய்யல் ஆறு நஞ்சாகியது. ஒரத்துப்பாளையம் அணைநீர் உழவருக்கு உதவாததாயிற்று. இறுதியில் 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு கட்டளையிட்டது. உழவரின் நீண்ட வழக்காட்டத்தின் பயனாகவே அக்கட்டளை பிறந்தது. முதலாளிகளின் மனமாற்றத்தால் அன்று.

வங்காளதேசத்தின் பாடம் வேறுவகையானது. டாக்காவின் ஆடைத் தொழிற்சாலைகளில் எஞ்சும் துண்டு ‘ஜூட்’ எனப்படும். அதன் வாணிபத்தைக் கைப்பற்ற உள்ளூர் அரசியல் அடியாட்கள் மோதிக்கொள்வது அங்கு வழக்கம். சிறு கொட்டகைகளில் அதனைத் தரம்பிரிப்போர் பெண்களும் சிறுவரும். கழிவுக்குச் சந்தை ஏற்பட்டுவிட்டால் நீதியும் தானே ஏற்பட்டுவிடும் என நம்புவது பேதைமை என்பதை டாக்கா காட்டுகின்றது. வட இந்தியாவின் பானிபட் நகரிலும் மேனாட்டார் கழித்த கம்பளி கிழிக்கப்பட்டுப் போர்வையாகின்றது. அங்கும் மலிவான போர்வையின் பின்னால் மூச்சுத்திணறும் மலிவான உழைப்பே இருக்கின்றது. பட்லியில் மார்க்ஸ் கண்டதை நாம் பானிபட்டிற் காண்கின்றோம்.

செய்யவேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வருதல் கூடும்.

முதலாவது, குறைத்தலே மீளாக்கலிற் சிறந்தது. தாளில் வடிவங்களை நெருக்கி அடுக்குவதிலும், துணியின் அகலத்தை முன்னரே அறிந்து வடிவமைப்பதிலும் மிச்சமாகும் துணி, எந்த மீளாக்க ஆலையாலும் தரமுடியாத மிச்சம். ஆனால் துணியை வீணாக்குவதில் ஒரு பகுதி வெட்டுமேசையில் தோன்றுவதன்று. வாரந்தோறும் வடிவத்தை மாற்றி, இறுதி நேரத்திற் கட்டளையை மாற்றும் வாங்குபவரின் அலுவலகத்திற் தோன்றுவது. நாளாந்த இலக்கை அடைய மணிக்கணக்கில் விரட்டப்படும் தையற்பெண்ணிடம் ‘கழிவைக் குறை’ என்று சுவரொட்டி மூலம் உபதேசிப்பது நேர்மையன்று. அவசரமே பிழையின் தாய். இலக்கைத் தளர்த்தினால் பிழைத்த உருப்படியும் குறையும்.

இரண்டாவது, கழிவைப் பிரித்தல் வெட்டுமேசையிலேயே நிகழவேண்டும். பருத்தி வேறு, பொலியெஸ்டர் வேறு, கலப்பு வேறு எனத் தோன்றும் இடத்திலேயே பிரித்தால் பெறுமதி காக்கப்படும். ஒரே சாக்கில் அடைத்துவிட்டால் சூளையன்றி வேறு கதியில்லை. அப்பிரிப்பு வேலை மேலதிகச் சுமையாகச் சுமத்தப்படாது, கூலியுடைய வேலையாக ஏற்கப்படவேண்டும். தரம்பிரிப்போருக்குத் தூசியிலிருந்து காப்பும், சட்டப்படியான கூலியும், தொழிற்சங்க உரிமையும் வேண்டும்.

மூன்றாவது, சுங்க விதிகள் திருத்தப்பட்டு, வெட்டுத்துணி கூட்டுறவுகளுக்கும் சிறு தையலாளருக்கும் நியாய விலையிற் கிடைக்க வழிசெய்யப்படவேண்டும். இன்று இடைத்தரகரும் செல்வாக்குடையோரும் பெறும் ஆதாயம் பமுனுவவிலும் கொட்டாஞ்சேனையிலும் தைத்து வாழும் பெண்களைச் சேரவேண்டும்.

நான்காவது, பருத்திக் கழிவை மீண்டும் நூலாக்கும் ஆலையொன்றைப் பொதுத்துறையிலோ கூட்டுறவாகவோ நிறுவுவது பற்றி ஆராயவேண்டும். 1993 முதல் அரசு பாடசாலை மாணவருக்கு இலவசச் சீருடைத் துணி வழங்கி வருகின்றது. 2025ஆம் ஆண்டுக்குரிய துணி முழுவதும் சீனாவின் நன்கொடையாக வந்தது. நன்கொடைக்கு நாம் நன்றியுடையோம். எனினும், ஆண்டுக்கு 500 கோடி டொலருக்கு உலகத்தை உடுத்தும் நாடு, தன் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைத் துணிக்கு அயலாரின் கையை எதிர்பார்ப்பதேன் என்று வகுப்பறையில் ஒரு மாணவன் கேட்பானாயின், ஆசிரியராகிய நாம் அவனுக்கு என்ன விடை சொல்வோம்? துணிப்பை, விரிப்பு, மருத்துவமனைப் போர்வை போன்ற தடித்த துணிகளையாவது நம் கழிவிலிருந்தே நெய்துகொள்ள நம்மால் இயலாதா?

ஐந்தாவது, வாங்குபவர் பொறுப்பேற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிற் துணிக்கழிவைத் தனியாகச் சேகரித்தல் 2025 சனவரி முதலாம் நாளிலிருந்து கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அங்குள்ள வீட்டுக்குப்பைக்கு விதி வந்துவிட்டது. அவர்களுக்காகத் தைக்கும் நம் மேசையில் எஞ்சுவதற்கு அவர்கள் பொறுப்பல்லர் என்ற நிலை நீடிக்கலாகாது. சட்டையின் விலையில், எஞ்சிய துண்டை மீளாக்கும் செலவும் அடங்கவேண்டும். அதனைத் தொழிலாளியின் கூலியிற் கழிக்காது, விற்பவரின் இலாபத்திற் கழிக்கவேண்டும்.

இவை தாமாக நிறைவேறப் போவதில்லை. நொய்யலில் உழவர் வழக்காடினர். 1933இல் வெள்ளவத்தையில் தொழிலாளர் வாசலில் நின்றனர். மீதொட்டமுல்லவில் மக்கள் எச்சரித்தனர். முன்னைய இரண்டிலும் குரலுக்குத் துணையாகப் படித்தவர் சிலர் வந்து நின்றனர். மூன்றாவதிற் போதியவர் வரவில்லை. 32 உயிர்கள் மண்ணுள் புதைந்தன. ஆசிரியரும் மாணவரும் தம் ஊரின் குப்பை எங்கே போகின்றது, தம் அயலிலுள்ள தொழிற்சாலையின் வெட்டுத்துணி எங்கே போகின்றது என்பதை நேரிற் சென்று அறிந்து எழுதட்டும். தொழிற்சங்கங்கள் கூலிக் கோரிக்கையுடன் கழிவுக் கோரிக்கையையும் சேர்த்து வைக்கட்டும். புளூமெண்டாலின் தமிழ்த் தாயும் மீதொட்டமுல்லவின் சிங்களத் தாயும் ஒரே புகையைச் சுவாசித்தவர்கள். அவர்களை இணைக்கும் கோரிக்கையை நாமே எழுப்பவேண்டும்.